கோலூன்றிப் பாய்தல்: சொல் விளக்கம்

2015 ஜூலையில் கொலம்பியாவின் காலி நகரில் உலக இளையோர் தடகளப் போட்டி. சுவீடன் சட்டை போட்ட பதினைந்து வயதுப் பையன் ஒருவன் நீளமான கோலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பிறந்து வளர்ந்தது அமெரிக்காவின் லூசியானாவில். சுவீடன், அம்மாவின் நாடு. அப்பாவும் இதே விளையாட்டுக்காரர் என்பதால் வீட்டுக் கொல்லையிலேயே பயிற்சிக்களம் இருந்தது. அவன் ஆடிய முதல் உலகப் போட்டியே அதுதான். 5.30 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினான். பெயர் ஆர்மண்ட் டுப்ளாண்டிஸ்.

சரி, அந்த விளையாட்டைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘போல் வால்ட்’ என்றே பலரும் சொல்கிறோம். ‘போல்’ சிக்கலில்லாத சொல். நட்டுவைக்கும் முளையைக் குறித்த லத்தீன் ‘பாலுஸ்’ அதன் மூலம். ‘வால்ட்’தான் சுவையானது. சுழல், உருள் என்று பொருள்படும் லத்தீன் ‘வோல்வெரெ’ இத்தாலிக்கும் பிரான்சுக்கும் போய் ஆங்கிலத்தில் ஒதுங்கியது. நம் ஊர்ச் சாலையில் ஓடும் வால்வோ பஸ்ஸின் பெயரும் அதே வேர்தான்: ‘உருள்கிறேன்’ என்று பொருள். அதுவும் சுவீடன் சரக்கு என்பது தற்செயல்.

ஆக, ஆங்கிலச் சொல்லில் கோல் இருக்கிறது, உடம்பு சுழல்வது இருக்கிறது. ஊன்றுவது இல்லை. தமிழ் அதைத்தான் நடுவில் வைத்திருக்கிறது. ஓடி வருபவர் தரையில் பதித்த, சுமார் 20 செ.மீ. ஆழமுள்ள பெட்டிக்குள் கோலின் நுனியைச் செருகும் நொடியில் பாதி ஆட்டம் முடிந்துவிடும். அங்கே பிசகினால் மேலே என்ன வித்தை காட்டியும் பயனில்லை. பயிற்சியாளர்கள் அந்த நொடியை ஆங்கிலத்தில் ‘பிளான்ட்’ என்பார்கள், அதாவது நடுவது. நம் ஊன்றலும் அப்படியே: கடலை விதையையும் ஊன்றுகிறோம், கைத்தடியையும் ஊன்றுகிறோம். வழுக்கும் இடத்தில் துணை நிற்கும் கோலைத் திருக்குறள் ‘ஊற்றுக்கோல்’ என்கிறது.

‘தடியூன்றி’, ‘கம்பூன்றி’ என்றும் எழுதுகிறார்கள். எனக்குக் கோல்தான் பிடிக்கும்; தடி என்றால் அடிக்கத்தான் தோன்றுகிறது. எழுதுகோல், அளவுகோல், செங்கோல் எதுவும் வளையாது, பாயும்போது இந்தக் கோல் வளைகிறதே என்று கேட்கலாம். கண்ணாடியிழைக் கோல் 1960களில் பரவும்வரை இந்த விளையாட்டுக் கோலும் இப்படி வில்லாக வளைந்ததில்லை. 1942இல் அமெரிக்கர் வார்மர்டாம் 4.77 மீட்டர் தாண்டியது மூங்கில் கோலில்.

அப்புறம், கடைசிச் சொல். தமிழ்நாட்டில் ‘தாண்டுதல்’, இலங்கையில் ‘பாய்தல்’. இங்கே நீளம் தாண்டுதல், அங்கே நீளம் பாய்தல். யாழ்ப்பாணத்து அனித்தா ஜெகதீஸ்வரனைப் பற்றிய செய்தியில் ‘கோலூன்றிப் பாய்தல்’ என்று இருக்கும். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் 4.20 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனை படைத்த நம் ரோசி மீனா பற்றி எழுதும்போது ‘கோலூன்றித் தாண்டுதல்’ என்போம்.

என் ஓட்டு இலங்கைக்கு. தாண்டுவதற்குக் குறுக்கே ஒன்று வேண்டும். நீளத்தை எப்படித் தாண்டுவது? கோலூன்றும் விளையாட்டில் குறுக்குக் கம்பி இருக்கிறது, உண்மைதான். ஆனால் கம்பி விழுந்துவிட்டால் அவர் தாண்டவில்லை; பாய்ந்தது மட்டும் நிஜம். முயற்சிக்குப் பாய்தல், வெற்றிக்குத் தாண்டுதல் என்று பிரித்துக்கொண்டால் இரண்டு சொல்லுக்கும் வேலை கிடைக்கும். 2025 செப்டம்பரில் டோக்கியோ உலகப் போட்டியில் அதே டுப்ளாண்டிஸ் 6.30 மீட்டருக்கு மூன்று முறை பாய்ந்தார். மூன்றாவதில்தான் தாண்டினார், அது உலக சாதனை.