எடிட்டிங்கில் சரிசெய்ய முடியாத ஒன்று

இந்த முறையும் பாத்திரத்தைச் சரியாக எழுதாமல் எடுத்த ஒரு படம்தான் எடிட்டிங்குக்கு வந்தது. ஒவ்வொரு ஃபிரேமும் கண்ணைப் பறிக்கிறது. சிவப்பு விளக்கு மட்டும் எரியும் நீண்ட நடைபாதை. நாயகன் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து கடைசிக் கதவைத் திறக்கிறான். உள்ளே அப்பா. இவன் சண்டை போட வந்தானா, மன்னிப்புக் கேட்க வந்தானா? ஸ்கிரிப்டைப் புரட்டிப் பார்த்தேன், அதிலும் இல்லை. இயக்குநரைக் கேட்டால், "அது மூட் சீன் சார், பின்னணி இசையில வந்துடும்" என்கிறார். அந்த நடைபாதைக்கு லைட்டிங் செய்தவர்களின் உழைப்பை நினைத்தால் வயிறு எரிகிறது.

விஷுவலாகக் கதை சொன்னால் பாத்திரத்தைப் பெரிதாக எழுத வேண்டியதில்லை என்று யார் கிளப்பிவிட்டார்களோ! கேட்டால் உடனே குலெஷோவைக் காட்டுகிறார்கள். ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தை சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என வெவ்வேறு ஷாட்களோடு ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்களுக்கு அதே முகத்தில் பசியும் துக்கமும் ஆசையும் தெரிந்தன. "பார்த்தீர்களா, எல்லாம் கட்டிங்கில்தான் இருக்கிறது!" என்பார்கள். இல்லவே இல்லை. சூப்பைக் காட்டியதும் அந்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று நமக்குப் புரிந்துவிட்டது, அதனால்தான் முகம் பேசியது. உங்கள் சிவப்பு நடைபாதையில் அந்த சூப் எங்கே? வசனத்தைக் குறைப்பது வேறு, ஆளையே எழுதாமல் விடுவது வேறு.

ஸ்லோமோஷனும் காப்பாற்றாது. நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்ததை 24இல் ஓட்டினால் 2 நொடிப் பார்வை 10 நொடி ஆகும். அந்த 10 நொடியும் ரசிகர் அந்தக் கண்ணுக்குள் எதையோ தேடிக்கொண்டிருப்பார்.

ஆகவே, லொக்கேஷன் பார்க்கக் கிளம்பும் முன் உட்கார்ந்து எழுதுங்கள். இந்த ஆளுக்கு என்ன வேண்டும், அது கிடைக்காவிட்டால் எதை இழப்பான், எதை மட்டும் செய்யவே மாட்டான். வில்லனுக்கும் எழுதுங்கள். நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காகவே சாகும் பெண் பாத்திரம் இனி வேண்டாம், தயவுசெய்து. அப்புறம், பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியவில்லையா, திரும்ப எழுதுங்கள்.

ரஃப் கட்டை, அதாவது முதலில் தோராயமாகக் கோத்த படத்தை, கலர் கரெக்‌ஷனும் இசையும் இல்லாமல், கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பேட்ச் ஒர்க்குக்கு (விடுபட்ட ஷாட்களைப் பிறகு எடுத்துச் சேர்ப்பதற்கு) நடிகர்களின் தேதி கையில் இருக்கும்போதே காட்டுங்கள்.