டிரினிடாட்டின் தார் ஏரி: நடந்து பார்க்கக்கூடிய ஒரு கசிவு

டிரினிடாட் தீவின் தென்மேற்கில் லா பிரேயா என்று ஓர் ஊர். அங்கே சுவர்கள் சாய்ந்திருக்கும், வாசற்படி ஒரு பக்கம் இறங்கியிருக்கும், போட்ட சாலை கொஞ்ச நாளிலேயே மேடும் பள்ளமுமாக நெளியும். கொத்தனாரைக் குறை சொல்லிப் பயனில்லை. அடியில் இருக்கும் நிலம் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது, ஏனென்றால் அதில் பாதி தார். ஊரை ஒட்டியே சுமார் 100 ஏக்கர் பரப்பில், நடுப்பகுதியில் 75 மீட்டர் ஆழம் வரை, அதே தார் ஏரியாகத் தேங்கிக் கிடக்கிறது. பிட்ச் லேக் என்பது அதன் பெயர். இயற்கையாக உருவான தார்த் தேக்கங்களில் உலகிலேயே மிகப் பெரியது இதுதான்.

அழகான இடம் என்று சொல்ல மாட்டேன். கரீபியன் என்றதும் நீலக்கடலையும் வெள்ளை மணலையும் எதிர்பார்த்துப் போகிறவருக்கு, சாம்பல் பூத்த கறுப்புத் தரையும் அங்கங்கே புல்லும் குட்டையுமாகக் கிடக்கும் இந்த இடம் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் நடக்கிற ஒரு வேலையை, செருப்புக் காலோடு மேலே நின்று பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. தெற்கு டிரினிடாட்டில் பார்க்க வேண்டியவை என்று பட்டியலிடப்படும் பலவும் இந்த ஒரே வேலையின் கிளைகள்தான்.

வேலை தொடங்கியது சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது இங்கே கடல். அதன் அடியில் நுண்ணிய கடலுயிர்களின் சடலங்கள் சேற்றோடு சேர்ந்து படிந்து, பிறகு பாறையாக இறுகின. அந்தப் பாறையைக் கண்ணால் பார்க்க ஆழ்துளை போட வேண்டியதில்லை. சான் ஃபெர்னாண்டோ நகரத்தின் நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும் குன்றில் அதே பாறை வெளியே தெரிகிறது. புவியியலாளர்கள் அதற்கு வைத்த பெயரும் அந்தக் குன்றின் பழைய பெயரான நப்பரீமா ஹில் என்பதுதான். மற்ற இடங்களில், பின்னாளில் ஒரினோகோ ஆறு தென் அமெரிக்காவிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய மணலும் களிமண்ணும் அதை ஆழத்தில் புதைத்துவிட்டன. புதைந்தால் சூடு, சூட்டில் அந்தச் சடலங்களின் எச்சம் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறும். எண்ணெய் வளமுள்ள எந்த நாட்டிலும் கதை ஏறக்குறைய இதுதான்.

வித்தியாசம் அடுத்த கட்டத்தில் வருகிறது. நல்ல எண்ணெய் வயல் என்றால் மேலே ஒரு மூடி இருக்க வேண்டும், எண்ணெய் ஊடுருவ முடியாத களிப்பாறை மூடி. டிரினிடாட்டிலும் மூடி உண்டு, ஆனால் கிழிந்த மூடி. கரீபியன் புவித்தட்டும் தென் அமெரிக்கப் புவித்தட்டும் உரசிக்கொள்ளும் கோட்டின் மேல் இந்தத் தீவு உட்கார்ந்திருக்கிறது. ஒன்றையொன்று ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் வேகத்தில் கடந்து நகரும் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் சிக்கிய பாறைகள் மடிகின்றன, உடைகின்றன. உடைப்புகள் வழியாக எண்ணெய் மேலே வருகிறது. லா பிரேயாவில் அப்படி ஒரு பிளவு தரைமட்டம் வரைக்கும் வழிவிட்டிருக்கிறது.

மேலே வந்த எண்ணெயில் லேசான பொருள்கள் காற்றில் ஆவியாகிப் போய்விடும். பாக்டீரியாக்கள் தங்களுக்குச் செரிக்கிற மூலக்கூறுகளைத் தின்றுவிடும். யாருக்கும் வேண்டாத கனமான மூலக்கூறுகள்தான் மிஞ்சும். நிலக்கீல், நம் பேச்சில் தார். ஆனால் ஏரியில் இருப்பது வெறும் தார் இல்லை. ஒரு கட்டியை வெட்டி எடுத்துப் பகுத்தால் எடையில் சுமார் 40 சதவீதம்தான் நிலக்கீல். மீதியில் ஏறக்குறைய பாதி நீரும் வாயுவும், பாதி மிக நுண்ணிய களிமண்ணும் தாதுத் துகள்களும். வழியில் கிடந்த சேற்றையும் உப்புநீரையும் குழைத்துக்கொண்டே எண்ணெய் மேலேறியிருக்கிறது. உடைத்துப் பார்த்தால் உள்ளே பொத்தல் பொத்தலாக வாயுக்குமிழிகளின் அறைகள் தெரியும்.

நடந்தால் உள்ளே போய்விட மாட்டோமா? இங்கே தாரின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். ஆறிய வெல்லப்பாகு எப்படியோ அப்படி: சட்டென்று அடித்தால் உடையும், பொறுமையாக அழுத்தினால் இளகி வழியும். திடமா திரவமா என்பதற்கு, நீங்கள் எவ்வளவு நேரம் கொடுக்கிறீர்கள் என்பதுதான் பதில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் தொடங்கிய ஒரு பரிசோதனையில், புனலில் ஊற்றிய தார் இதுவரை ஒன்பது சொட்டுதான் விட்டிருக்கிறது. லா பிரேயா தார் அந்த அளவுக்கு இறுக்கமில்லை. வெயிலில் சூடேறும்போது இன்னும் இளகும். ஏரியின் பெரும்பகுதியில் தாராளமாக நடக்கலாம், தார் வெட்டும் வண்டியே மேலே ஓடுகிறது. அதே வண்டியை ஓரிடத்தில் நெடுநேரம் நிறுத்தினால் சக்கரம் மெல்ல இறங்கத் தொடங்கும். புதுத் தார் மேலே வரும் சில இடங்கள் மட்டும் உண்மையிலேயே குழைவானவை. அங்கே காலை வைத்தால் முழுசாக மூழ்கிப்போக மாட்டீர்கள், தாரின் அடர்த்தி மனித உடலைவிட அதிகம். ஆனால் காலை வெளியே எடுப்பது பெரும்பாடு. உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள் என்பது சும்மா வசூலுக்காகச் சொல்வதல்ல.

கொஞ்சம் குனிந்து பார்த்தால் ஏரியின் தோல் தெரியும். ஒரே பரப்பாக இருக்காது. பல மீட்டர் அகலமுள்ள வட்டமான திட்டுகள், நடுவில் லேசாக உப்பி, ஓரத்தில் சுருக்கம் விழுந்து, பக்கத்துத் திட்டின் மேல் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு திட்டின் நடுவிலும் அடியிலிருந்து தார் மெல்ல ஏறி, வெளிப்பக்கமாகப் பரவி, ஓரத்தில் மறுபடி கீழே மடங்குகிறது. மேலேற உதவுவது உள்ளே விரியும் வாயு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டு திட்டுகள் ஒட்டி ஒன்றாவதில்லை. நடுவிலுள்ள மடிப்பில் மழைநீர் நிற்கிறது, ஈரமும் வண்டலும் படிந்த தாரோடு தார் ஒட்டாது. அந்த மடிப்புக் குட்டைகளில் மீன் ஓடுகிறது, அல்லி பூக்கிறது. கந்தகம் கலந்த நீர், தோலுக்கு நல்லது என்று ஊர்க்காரர்கள் குளிக்கவும் செய்கிறார்கள். மருத்துவ ரீதியாக அதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

இந்தச் சுழற்சி காரணமாக ஏரி பழைய பொருள்களை விழுங்கவும் செய்யும், துப்பவும் செய்யும். மரத்தண்டுகள் திடீரென்று நெட்டுக்குத்தாக மேலே எழும்பி, பிறகு மெதுவாக உள்ளே போயிருக்கின்றன. கொலம்பஸுக்கு முந்தைய பழங்குடியினரின் துடுப்புகளும் செதுக்கிய மர இருக்கையும் கிடைத்திருக்கின்றன. ஈரமான வெப்பமண்டலத்தில் மரச்சாமான் இத்தனை காலம் மக்காமல் கிடைப்பது அரிது. ஆக்சிஜன் நுழையாத தார்தான் காப்பாற்றியது. அந்தப் பழங்குடியினரின் கதைப்படி, வெற்றி விருந்தில் புனிதமான தேன்சிட்டுகளைச் சமைத்துத் தின்ற ஒரு கிராமத்தைத் தெய்வம் கோபித்துத் தாருக்குள் அமிழ்த்திவிட்டதாம். நிலம் வாய் திறந்து ஊரை விழுங்கியது என்ற பகுதி, சாய்ந்து நிற்கும் இன்றைய வீடுகளைப் பார்த்தவருக்குப் பெரிய கற்பனையாகத் தோன்றாது.

1595-ல் ஆங்கிலேயர் வால்டர் ராலி இங்கே வந்து, தன் கப்பல்களின் பலகை இடுக்குகளை இந்தத் தாரால் அடைத்தார். நார்வே தாரைப் போல வெயிலில் உருகி ஓடுவதில்லை என்று பாராட்டி எழுதியும் வைத்தார். அவர் கவனித்தது சரிதான், காரணம்தான் அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. தாருக்குள் ஏற்கெனவே குழைந்திருக்கும் அந்த நுண்ணிய களிமண் துகள்கள்தான் சூட்டிலும் அதை விறைப்பாகப் பிடித்து வைக்கின்றன. எதை அழுக்கு என்று நினைப்போமோ அதுதான் இதன் பலம். 1876-ல் வாஷிங்டனின் பென்சில்வேனியா அவென்யூவுக்கு டிரினிடாட் தார் போட்டார்கள். இன்றைக்கும் அரசு நிறுவனம் ஒன்று ஏரியை வெட்டி, சூடாக்கி நீரை ஆவியாக்கி, வடிகட்டி, பீப்பாயில் ஏற்றுமதி செய்கிறது. கனரக வாகனம் ஓடும் பாலங்களிலும் விமான ஓடுதளங்களிலும் சாதாரணத் தாரோடு இதைக் கொஞ்சம் கலப்பார்கள். வெட்டிய குழி சில நாளில் தானே தூர்ந்துவிடும். அதைப் பார்த்து அள்ள அள்ளக் குறையாத ஏரி என்று சொல்கிறவர்கள் உண்டு, ஆனால் அது தவறு. பக்கத்திலிருந்து தார் நகர்ந்து வந்து குழியை நிரப்புகிறது, அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு மேல் வெட்டியதில் ஏரியின் மட்டம் நன்றாகவே இறங்கியிருக்கிறது.

இந்த நூற்றாண்டில் ஏரியைத் தேடி வந்தவர்கள் நுண்ணுயிரியலாளர்கள். தாருக்குள் உயிர் வாழுமா என்று பார்த்ததில், ஒரு கிராமுக்கு ஒரு கோடி வரை நுண்ணுயிர்ச் செல்கள் இருப்பது தெரிந்தது. 2014-ல் வந்த ஆய்வு இன்னும் உள்ளே போனது. தாருக்குள் சிறைப்பட்டிருக்கும் 1 முதல் 3 மைக்ரோலிட்டர் அளவுள்ள நீர்த்துளிகளைத் தனித்தனியாக எடுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வொரு துளியிலும் ஒரு முழு நுண்ணுயிர்ச் சமூகமே எண்ணெயைச் சிதைத்துக்கொண்டு வாழ்ந்துகொண்டிருந்தது. அந்த நீர் மழைநீரும் இல்லை, ஆழத்திலிருந்து எண்ணெயோடு வந்த பழைய உப்புநீர். எண்ணெயும் நிலத்தடி நீரும் சந்திக்கும் எல்லையில்தான் நுண்ணுயிர்கள் எண்ணெயைக் கெடுக்கின்றன என்று அதுவரை நினைத்திருந்தார்கள். எண்ணெய்க்கு நடுவிலேயே அது நடக்கும் என்று இந்தத் துளிகள் காட்டின. சனியின் துணைக்கோளான டைட்டனில், எண்ணெய் இனத்தைச் சேர்ந்த மீத்தேன் திரவமாகவே ஏரிகளில் தேங்கிக் கிடப்பதால், விண்வெளி உயிரியல்காரர்களுக்கும் லா பிரேயா மேல் ஒரு கண். டைட்டனில் குளிர் மைனஸ் 179 டிகிரி, அதனால் ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்க முடியாது என்பது என் எண்ணம்.

சரி, எண்ணெய் இப்படி வெளியேறுகிறது. வாயு? அதுவும் வெளியேறுகிறது, சேற்றைத் தூக்கிக்கொண்டு. பிரின்சஸ் டவுன் பக்கத்தில் டெவில்ஸ் வுட்யார்ட் என்ற இடத்தில் மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சேற்றுக் கூம்புகள் நிற்கின்றன. சேற்று எரிமலைகள் என்பார்கள். உச்சித் துளையில் நீர்த்த சேறு மெதுவாக உப்பும், ஒரு குமிழி வெடிக்கும், கொஞ்சம் வழியும், அப்புறம் அடங்கும். கையை வைத்தால் சுடாது. எரிமலை என்று பெயர் இருந்தாலும் நெருப்புக் குழம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிஜ எரிமலைகளின் வரிசை, டிரினிடாட்டுக்கு வடக்கே இருக்கும் கிரெனடா தீவில் தொடங்கி இன்னும் வடக்கே போகிறது. ஒரினோகோ வண்டல் வேகமாகக் குவிந்ததால் களிமண்ணுக்குள் இருந்த நீர் வெளியேற நேரமில்லாமல் மாட்டிக்கொண்டது. மேலே பாரம் கூடக் கூட அந்த நீரின் அழுத்தமும் கூடியது. அதோடு மீத்தேனும் சேர்ந்தால், ஒரு பிளவு கிடைத்ததும் களி குழம்பாகி மேலே பீறிடும்.

பெரும்பாலும் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் 1997 பிப்ரவரியில் பிப்பாரோ கிராமத்தில் ஒரு சேற்று எரிமலை வெடித்து, வீடுகளையும் வண்டிகளையும் சேற்றில் புதைத்தது. தெற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் இருக்கும் இன்னொன்று அவ்வப்போது ஒரு தீவையே உண்டாக்கும். 1911, 1964, 2001 ஆண்டுகளில் தண்ணீருக்கு மேல் தலைகாட்டியது. 1911-ல் வாயு தீப்பிடித்து எரிந்தது. வெறும் களிமண் தீவு என்பதால் ஒவ்வொரு முறையும் அலைகள் அதைக் கரைத்துவிடும்.

லா பிரேயா வரை போகிறவர்கள் சிப்பாரியா தேவாலயத்தையும் பார்ப்பது வழக்கம். கறுத்த மேனியுடைய மாதா சிலை அங்கே இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு திவினா பஸ்தோரா, இந்துக்களுக்கு சிப்பாரி மாயி. பெரிய வியாழன் இரவும் புனித வெள்ளியும் இந்துக்கள் எண்ணெயும் அரிசியும் பூவும் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள், குழந்தைக்கு முதல் முடி எடுப்பார்கள். 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்த போஜ்புரி பேசுகிறவர்கள். மதராஸ் துறைமுகம் வழியாக வந்தவர்கள் சிறு பங்குதான். ஆனாலும் டிரினிடாட்டின் காளி கோயில்களில் மாரியம்மனும் சாமியாட்டமும் மதராசி வழக்கம் என்ற பெயரிலேயே இன்றும் நிற்கின்றன.

எண்ணெய் இந்தத் தீவுக்குக் கொடுத்த இன்னொரு பொருள் சத்தம். ஆப்பிரிக்க வழிவந்தவர்களின் முரசுகளை 1880-களில் காலனி அரசு அடக்கியது. மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள், பிறகு பிஸ்கட் டப்பா, பெயின்ட் டப்பா என்று தேடியபோது எண்ணெய்த் தொழிலும் அமெரிக்கப் படைத்தளமும் கழித்துப் போட்ட 55 கேலன் பீப்பாய்கள் கைக்கு வந்தன. ஸ்டீல் பான் என்ற இசைக்கருவி அப்படிப் பிறந்தது. 1951-ல் ஒரு முழு இசைக்குழு லண்டனுக்கே போய் வாசித்தது.

பீப்பாயின் அடித்தகட்டைச் சம்மட்டியால் அடித்துக் குழிவாக்குவார்கள். தகடு விரிந்து மெலிதாகும். குழிவின் மேல் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு நீள்வட்டத்தைக் குறித்து, அதைச் சற்றே மேல்நோக்கி உப்பச் செய்வார்கள்; சிறிய வட்டம் உயர்ந்த சுருதி, பெரிய வட்டம் தாழ்ந்த சுருதி. பிறகு தீயில் காட்டி உலோகத்தின் இறுக்கத்தைச் சரிசெய்வார்கள். கடைசியில் வருவது சுருதி கூட்டுபவரின் வேலை. சாதாரணத் தகட்டைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு கூடவே அதைவிட உயர்ந்த மேல்சுரங்களும் கிளம்பும்; அவை அடிப்படையோடு ஒத்துப்போகாது, அதனால்தான் தகரம் தகரமாகவே ஒலிக்கிறது. இவர் வட்டத்தின் நீளவாட்டில் ஒரு தட்டு, அகலவாட்டில் ஒரு தட்டு என்று அடித்து அடித்து, இரண்டாவது அதிர்வின் வேகத்தை அடிப்படை அதிர்வின் சரியாக இரண்டு மடங்குக்கும், மூன்றாவதன் வேகத்தை மூன்று அல்லது நான்கு மடங்குக்கும் கொண்டுவருவார். அந்தக் கணக்கு பொருந்தியதும் வளைந்த தகட்டில் ஒரு அதிர்விலிருந்து இன்னொன்றுக்கு ஆற்றல் கடக்கத் தொடங்கும். தட்டிய கணத்தில் மந்தமாக இருக்கும் ஒலி அடுத்த நொடிப்பொழுதில் மலர்ந்து மினுங்குவது அதனால்தான். ஒரு வட்டத்தைத் திருத்தினால் பக்கத்து வட்டம் கொஞ்சம் பிசகும், அதைத் திருத்தினால் இது பிசகும். நல்ல சுருதிக்காரர் கிடைக்க வாசிப்பவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். இப்போது நல்ல பான் செய்கிறவர்கள் பலரும் பழைய எண்ணெய்ப் பீப்பாயைத் தொடுவதில்லை. தகட்டின் தடிமன் சீராக இருக்க வேண்டும் என்பதால் புதுப் பீப்பாய்தான் வாங்குகிறார்கள்.