ஈரல் கட்டிக்கு ‘டேஸ்’: மதுரைக்கு பஸ் ஏறும் முன் காப்பீட்டு அட்டை

ராமேஸ்வரம் பக்கத்து மீனவ ஊரான தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குப் போகும் விடிகாலை பஸ்ஸில் ஸ்கேன் உறையை மடியில் வைத்திருக்கும் யாராவது ஒருவர் இருப்பார். உறைக்குள் பிலிம், ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மட்டும் இருக்காது. “அங்க போய்ப் பாத்துக்கலாம்” என்பார்கள். ஈரல் புற்றுக்கு டேஸ் (TACE) என்ற சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு அட்டைக்கு அலைவது பெரிய பாடு.

டேஸ் என்பது வயிற்றைக் கிழிக்கும் ஆபரேஷன் இல்லை; பார்வைக்கு ஆஞ்சியோ மாதிரி. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ரத்தக்குழாயில் மெல்லிய குழாயை நுழைத்து ஈரல் வரை கொண்டுபோவார்கள். ஈரலுக்கு ரத்தம் பெரும்பாலும் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாகவே வருகிறது. கட்டியோ தமனியை நம்பி வளர்கிறது. அதனால் அந்தத் தமனிக் கிளையில் புற்று மருந்தைச் செலுத்தி, வழியையும் அடைத்துவிட்டால் கட்டி பட்டினி கிடக்கும், மற்ற ஈரல் ஓரளவு தப்பிக்கும். தொடை வழியாகச் செய்தால் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். சில நாள் காய்ச்சல், வலி, குமட்டல் வரலாம். மஞ்சள் காமாலை முற்றியவர்களுக்கும் வயிற்றில் நீர் கட்டி ஈரல் தளர்ந்தவர்களுக்கும் பொதுவாக இதைச் செய்யமாட்டார்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை. அது ஆளுக்கு அல்ல, மொத்தக் குடும்பத்துக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றோடு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நோயாளியின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். வலை இழுத்துத் தேய்ந்த விரல் ஒரே தடவையில் பதியாது, பொறுமை வேண்டும். மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது குடும்பத்தோடு போய் வேலையை முடித்துவிடுவது நல்லது.

அட்டை கையில் இருப்பதாலேயே சிகிச்சை இலவசம் ஆகிவிடாது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். அவர்கள் ஸ்கேன், ரத்த அறிக்கைகளை அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும். என் சித்தப்பாவை ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோது, அனுமதி வரும் முன்பே முன்பணம் கட்டச் சொன்னார்கள். பதறிப்போய்க் கட்டினோம். அப்புறம் அதைத் திரும்ப வாங்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. அட்மிஷன் போடும் முன்பே காப்பீட்டு அலுவலரிடம் “டேஸுக்கு அனுமதி கேட்டாச்சா?” என்று நேராகக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

டேஸ் பலருக்கு ஒரு தடவையோடு முடிவதில்லை. சில வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, கட்டியில் உயிர் மிச்சம் இருந்தால் திரும்பச் செய்வார்கள். அதற்கும் தனியாக அனுமதி வேண்டும், செலவும் அதே ரூ.5 லட்சத்தில்தான் கழியும். டிஸ்சார்ஜ் ஆகும்போது பிலிமோடு சிடியையும் கேட்டு வாங்கிவிடுங்கள். அடுத்த தடவை டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.