பத்துப் புள்ளி, ஒரே கிணறு: மரபணுத் தொகுப்புகளைச் சோதிக்கும்போது

காரைக்குடியில் ஆய்வு மாணவர்களுக்குப் புள்ளியியல் ஆலோசனை சொல்லிவரும் என்னிடம் சென்ற ஆண்டு ஒரு மாணவி கொண்டுவந்த தரவில், மூலிகைச் சாறு கொடுத்த மூன்று எலிகளும் கொடுக்காத மூன்று எலிகளும் இருந்தன. அழற்சியோடு தொடர்புடைய 100 மரபணுக்களின் செயல்பாட்டு அளவில் ஏற்பட்ட மாற்றங்களை 100 தனித்தனி அளவீடுகளாகக் கொண்டு அவர் டி சோதனை (சராசரிகளை ஒப்பிடும் சோதனை) நடத்தியிருந்ததால், பி மதிப்பு, அதாவது சாற்றுக்கு விளைவே இல்லாதபோதும் இந்த அளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு, நம்ப முடியாத அளவுக்குச் சிறுத்திருந்தது. அவர் எண்ணியது நூறு. நான் எண்ணியது ஆறு எலிகள்.

செட்டிநாட்டில் இதை விளக்குவது எளிது. நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி. கோயில் வரியும் புள்ளிக் கணக்கில்தான். (நம் துறையின் பெயரிலும் அதே புள்ளி இருப்பது எனக்குப் பிடித்த தற்செயல்.) ஒரே வளவில் (பொது வீட்டில்) தனித்தனியே சமைத்து உண்ணும் பத்துப் புள்ளிகள் வரிக்குப் பத்துதான் என்றாலும், குடிநீர் எப்படி என்று கேட்டால், ஒரே கிணற்றில் இறைக்கும் அவர்களுடைய பதிலைப் பத்துச் சாட்சியங்களாகக் கொள்ள முடியாது. ஒரே கட்டுப்பாட்டுப் புரதத்துக்குக் கட்டுப்பட்டுச் சேர்ந்து ஏறி இறங்கும் மரபணுக்களும் அப்படித்தான்.

இப்படிச் சேர்ந்து மாறும் அளவான ஒட்டுறவு பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. சிகிச்சையின் விளைவை நீக்கிய பின் எஞ்சும் சராசரி ஒட்டுறவு வெறும் 0.05 என்றாலும், 100 மரபணுக்களின் சராசரிக்குரிய பரவற்படி (சிதறலின் அளவு) 1 + 99 × 0.05, அதாவது 5.95 மடங்காகிறது; அதன் வர்க்கமூலமான திட்டப் பிழை ஏறத்தாழ 2.44 மடங்காகிறது. இதைக் கவனிக்காமல் பி மதிப்புக்கு வழக்கமான 5 விழுக்காட்டு எல்லையை வைத்துச் சோதித்தால், மருந்து எதையுமே செய்யாதபோதும் நூற்றுக்கு நாற்பது முறைக்கு மேல் ‘விளைவு உண்டு’ என்ற விடை வரும்.

இதனால் தொகுப்பாகப் பார்ப்பதையே கைவிடச் சொல்லவில்லை. 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், நீரிழிவு நோயாளிகளின் தசையில் தனித்தனியே கண்ணுக்குத் தப்பிய சிறு சரிவுகள், செல்லின் ஆற்றல் உற்பத்தி மரபணுக்களை ஒரு தொகுப்பாகப் பார்த்தபோதே புலப்பட்டன. மரபணுக்களைக் கலைக்காமல் எலிகளின் குழு அடையாளத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கணக்கிட்டால் ஒட்டுறவு குலையாது. ஆனால் ஆறு எலிகளை மும்மூன்றாக இரண்டு குழுக்களாகப் பிரிக்க 20 வழிகளே உள்ளதால், ஏற்றம் அல்லது இறக்கம் என ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஒருபக்கச் சோதனையில்கூடப் பி மதிப்பு இருபதில் ஒன்றான 0.05க்குக் கீழே இறங்காது. இத்தகைய சிறு மாதிரிகளுக்காகவே 2010இல் ‘ரோஸ்ட்’ (ROAST) என்ற புள்ளியியல் முறை வந்தது. 2012இல் வந்த ‘கேமரா’ (CAMERA) முறை ஒட்டுறவை நேரடியாகப் பரவற்படியில் சேர்த்துக்கொள்கிறது. முன்னது தொகுப்பில் மாற்றம் உண்டா என்று கேட்கிறது. பின்னது மற்ற மரபணுக்களைவிட இத்தொகுப்பு மிகுதியாக மாறியதா என்று கேட்கிறது. எது தம் கேள்வி என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே ஆய்வாளர் எழுதிவைப்பது நல்லது.

மாணவியின் தரவை மறுபடி கணக்கிட்டபோது பழைய பி மதிப்பு நிற்கவில்லை. ஒவ்வொரு எலிக் குழுவுக்கும் எட்டு எலிகள் கேட்டு, விலங்கு ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு இப்போது விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.