பிரஷர்: கொதிப்பன்று, அழுத்தம்

மதுரை பெரியாஸ்பத்திரியின் புறநோயாளிகள் வரிசையில் சற்று நின்றால், ஒரே நோய்க்கு ‘பி.பி.’, ‘பிரஷர்’, ‘ரத்தக்கொதிப்பு’ என்று மூன்று பெயர்கள் காதில் விழும். ‘பிரஷர்’ என்பதன் வேர், அமுக்குதல் என்று பொருள்படும் ‘பிரெமெரெ’ என்னும் லத்தீன் வினை. அதற்கு நேரான தமிழ் ‘அழுத்தம்’. ‘அழுந்து’ தன்வினை, ‘அழுத்து’ பிறவினை, பிறவினையோடு ‘அம்’ விகுதி சேர்ந்து பெயராயிற்று. ஓடும் இரத்தம் தமனியின் சுவரை அழுத்துகிறது என்னும் செய்தி முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. ‘இரத்தம்’ வடமொழி வழி வந்தது. சங்க இலக்கியச் சொல் ‘குருதி’. எனவே தனித்தமிழ் விரும்புவோர் ‘குருதியழுத்தம்’ என்பர். இரண்டில் எதை எழுதினாலும் பிழையில்லை.

ஆனால் இரத்த அழுத்தம் என்பது நோயின் பெயரன்று. உயிருள்ள எவருக்கும் அது உண்டு. நோயைக் குறிக்க ‘உயர்’ அல்லது ‘மிகை’ என்னும் அடைமொழி வேண்டும். மருத்துவர் எழுதும் ‘ஹைப்பர்டென்ஷன்’ என்பதில் ‘ஹைப்பர்’ மிகுதியைக் குறிக்கும் கிரேக்கம். ‘டென்ஷன்’ இழுத்து விறைத்த நிலையைக் குறிக்கும் லத்தீன். நம் பேச்சிலோ ‘டென்ஷன்’ மனப்பதற்றமாகிவிட்டது.

‘கொதிப்பு’ அதைவிடவும் வழிதவறச் செய்யும். வெப்பமும் சினமும் அச்சொல்லில் ஏறி நிற்கின்றன. இந்நோயிலோ இரத்தம் சூடாவதில்லை, பெரும்பாலோர்க்கு அறிகுறியே தெரிவதில்லை. “நான் கோபப்படுறதே இல்லையே, எனக்கு எதுக்கு மாத்திரை?” என்று கேட்பவரும், சூடு தணியட்டும் என்று உப்பிட்ட நீர்மோரைச் செம்பு செம்பாகக் குடிப்பவரும் இச்சொல்லை நம்பியவர்களே.

அழுத்தம் என்றால் அளக்கலாம். மேற்கையில் சுற்றிக் காற்றேற்றும் பட்டையை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி அறிமுகப்படுத்தினார். பட்டைக்குக் கீழே தமனியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையை 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்கோவ் விளக்கினார். காற்றை மெல்ல இறக்கும்போது முதல் ஒலி கேட்கும் இடம், இதயம் சுருங்கும்போதுள்ள சுருக்கழுத்தம். ஒலி மறையும் இடம், இதயம் விரியும்போதுள்ள விரிவழுத்தம். வெவ்வேறு நாள்களில் பார்த்தும் முதல் எண்ணான சுருக்கழுத்தம் 140-ஆகவோ அதற்கு மேலோ, அல்லது இரண்டாம் எண்ணான விரிவழுத்தம் 90-ஆகவோ அதற்கு மேலோ இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்று பொதுவாகக் கொள்வர். மாட்டுத்தாவணியில் இறங்கி, டீயும் குடித்துவிட்டு, வெயிலில் ஓடிவந்த வேகத்தில் கையை நீட்டினால் எண் கூடத்தான் செய்யும். ஐந்து நிமிடமேனும் அமைதியாக உட்கார வேண்டும், அதற்கு முந்தைய அரை மணி நேரம் டீ, காபி, பீடி கூடாது.

பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் தனியொரு காரணம் அகப்படாது. மரபு, வயது, உடற்பருமன், மது, உப்பு எனப் பல சேர்ந்து விளைவிப்பது அது. எஞ்சியோர்க்குச் சிறுநீரக நோய், அட்ரினல் சுரப்பிக் கோளாறு, ஸ்டீராய்டு மருந்து போன்றவை காரணமாகும். இளவயதில் அழுத்தம் உயர்ந்தால் இவற்றைத் தேடிப் பார்ப்பது அவசியம். உப்பை நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் உப்பைக் குறைத்த வீட்டிலும் கருவாடு, உப்புக்கண்டம், மோர்மிளகாய், அப்பளம் ஆகியவை கணக்கில் வருவதே இல்லை.

மருந்துகளுள் ஆம்லோடிபின் இரத்தக் குழாயைத் தளர்த்தும். குளோர்தாலிடோன் உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும். டெல்மிசார்டன் குழாயைச் சுருக்கும் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும். உட்கொள்ளும்வரைதான் இவை வேலை செய்யும். ‘கொதிப்பு அடங்கிவிட்டது’ என்று தாமே நிறுத்தினால், பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ எண் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஆம்லோடிபினால் கணுக்கால் வீங்குவதுண்டு. அதை மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ வேறு மாத்திரை தரவோ இயலும்.