தூசியே சரக்கானது: பிளாஸ்மாவில் சிலிக்கான் நானோதுகள்

சிப் தொழிற்சாலைகளில் இது பழைய தலைவலி. சிலேன் (சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த வாயு) வாயுவைப் பிளாஸ்மாவாக்கி, அதாவது மின்சாரத்தால் எலக்ட்ரான்களும் மின்னூட்டம் பெற்ற அயனிகளும் கலந்த நிலைக்குக் கொண்டுவந்து, சிலிக்கான் படலம் படிய வைக்கும்போது, கூடவே நுண்தூசியும் உருவாகி வேஃபர்மேல் (சிப் செய்யப்படும் மெல்லிய சிலிக்கான் தட்டு) விழுந்து சிப்பைக் கெடுக்கும். அந்தத் தூசியைத்தான் இன்று ஆய்வகங்களில் வேண்டுமென்றே, அதுவும் கேட்ட அளவில் தயாரிக்கிறார்கள்.

அளவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? சாதாரண சிலிக்கானுக்குச் சரியாக ஒளி உமிழ வராது. சுமார் 5 நானோமீட்டருக்குக் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே சிறுத்தால் சிவப்பாக ஒளிரத் தொடங்கும். இன்னும் சிறுத்தால் நிறம் ஆரஞ்சுப் பக்கம் நகரும். ஆக, அளவுதான் நிறம்.

2005-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட முறை எளிமையானது. குறுகலான குவார்ட்ஸ் குழாய், அதைச் சுற்றி இரண்டு உலோக வளையங்கள், அவற்றுக்கு ரேடியோ அலைவரிசை மின்சாரம். உள்ளே மிகக் குறைந்த அழுத்தத்தில் எதனோடும் எளிதில் வினைபுரியாத ஆர்கான் வாயுவும் கொஞ்சம் சிலேனும் ஓடும். (சிலேன் காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும், விளையாட்டில்லை.) பிளாஸ்மாவின் எலக்ட்ரான்கள் சிலேனை உடைக்கின்றன, சிலிக்கான் அணுக்கள் கூடித் துகளாகின்றன. துகள் பிளாஸ்மாவுக்குள் இருப்பது சில மில்லிநொடிகள்தான். சின்னத் துகள் வேண்டுமா? வாயுவை வேகமாக ஓட்டினால் போதும், வளர நேரம் கிடைக்காது.

சரி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பெரிதாகிவிடாதா? மிகச் சிறிய கொத்துகள் ஒட்டத்தான் செய்யும். ஆனால் எலக்ட்ரான்கள் அயனிகளைவிடப் பல மடங்கு வேகமானவை. கொஞ்சம் வளர்ந்த துகளை அவையே அதிகம் மோதுவதால் எல்லாத் துகளும் எதிர்மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன.

எனக்குப் பிடித்த பகுதி வெப்பம். வாயு அவ்வளவாகச் சூடாவதில்லை, சிலிக்கானோ 1414 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அப்படியிருந்தும் துகளுக்குள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுப் படிகமாகின்றன. 3 நானோமீட்டர் துகளில் ஏறக்குறைய 700 அணுக்களே உண்டு. அதன் மேற்பரப்பில் ஒரே ஒரு ஆர்கான் அயனி எலக்ட்ரானோடு சேர்ந்தால் வெளிப்படும் ஆற்றல், துகளின் வெப்பநிலையை ஒரே தாவலில் பல பத்து டிகிரி உயர்த்திவிடும். சுற்றியுள்ள வாயு அடர்த்தி குறைந்தது என்பதால் உடனே குளிரவும் வழியில்லை.

வெளியே வந்த துகளை வலையில் பிடிக்கிறார்கள். அப்படியே காற்றில் விட்டால் மேற்பரப்பு ஆக்சைடாகி உள்ளிருக்கும் படிகம் சுருங்கும், நிறமும் மாறும். அதனால் நீளமான கரிமச் சங்கிலிகளை அதன்மேல் பிணைத்து மூடிவிடுகிறார்கள்.