பூத் கணக்கும் தெருக் கணக்கும்

ஓட்டு எண்ணும் அறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் கட்சி ஏஜென்ட், இயந்திரத்தில் முடிவுப் பொத்தானை அழுத்தியதும் வரும் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டே வருவார். எந்த பூத்தில் யாருக்கு எத்தனை என்பது அந்தத் தாளில் இருக்கும். ராத்திரிக்குள் அது எங்கள் மதுரைப் பக்கத்து எழுமலைக்கோ பேரையூருக்கோ வந்து சேர்ந்துவிடும். மறுநாள் டீக்கடையில் தீர்ப்பும் வந்துவிடும்: ‘மேலத்தெரு நமக்கு, கீழத்தெரு மொத்தமா அவங்களுக்கு.’ தேர்தல் அதிகாரிகளும் இதே கணக்கைப் படிவம் 20 என்று வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

எண்கள் சரிதான். அதிலிருந்து தெருவுக்குத் தாவுவதில்தான் சிக்கல்.

ஒரு பூத்தில் 800 ஓட்டு விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். மேலத்தெருவிலிருந்து 600 பேர், கீழத்தெருவிலிருந்து 200 பேர் வந்து போட்டிருக்கிறார்கள். இது தெரியும், ஏனென்றால் பூத் ஏஜென்ட் வாக்காளர் பட்டியலில் வந்தவர் பெயரையெல்லாம் டிக் அடித்துக்கொண்டே இருப்பார். ஒரு கட்சிக்கு 500 ஓட்டு. இப்போது, கீழத்தெருவின் 200 பேரும் அந்தக் கட்சிக்கே போட்டிருந்தாலும் மிச்சம் 300 மேலத்தெருவிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆக, மேலத்தெரு போட்டது 300க்குக் குறையாது, 500க்கு மேல் போகாது. சரி, கீழத்தெரு? ஒருவர்கூடப் போடாமல் இருந்திருக்கலாம், 200 பேருமே போட்டிருக்கலாம். டீக்கடையில் எந்தத் தெருவைப் பற்றி அடித்துப் பேசுகிறார்களோ, அந்தத் தெருவைப் பற்றி இந்தக் கணக்கு ஒன்றுமே சொல்லவில்லை.

இப்படிக் குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று எல்லை கட்டிப் பார்க்கும் முறையை டங்கன், டேவிஸ் என்ற இருவர் 1953இல் எழுதிவைத்தார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1950இல், ராபின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து ஒரு வேடிக்கையைக் காட்டியிருந்தார். மாநிலம் மாநிலமாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள இடத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குறைவு. ஆள் ஆளாகப் பார்த்தால் நேர் எதிர்: வெளிநாட்டில் பிறந்தவர்களிடையேதான் எழுத்தறியாதவர்கள் கொஞ்சம் அதிகம். காரணம் பெரிய மர்மமில்லை. வந்தவர்கள் குடியேறியதெல்லாம் ஏற்கெனவே படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில். கூட்டத்தின் குணத்தை ஆளின் குணமாக எடுத்துக்கொள்ளும் இந்தத் தவறைத்தான் நம் தேர்தல் அலசல்களில் பாதி செய்கின்றன. ஒரு சமூகம் பெரும்பான்மையாக இருக்கும் பூத்தில் ஒரு கட்சி ஜெயித்தால், அந்தச் சமூகம்தான் ஜெயிக்கவைத்தது என்று எழுதிவிடுகிறார்கள்.

இரண்டு தேர்தலை ஒப்பிடும்போது குழப்பம் இன்னும் கூடும். ஒரு கட்சிக்குப் போன முறை 400, இந்த முறை 480 என்றால் ‘80 பேர் மாறிட்டாங்க’ என்போம். 200 பேர் உள்ளே வந்து 120 பேர் வெளியே போயிருந்தாலும் அதே 80தான். திருப்பூரில் வேலை பார்ப்பவர்கள் இந்த முறை பஸ் ஏறி ஊருக்கு வந்திருந்தாலும் அதே 80தான்.

உசிலம்பட்டியைப் பாருங்கள். சிங்கம் சின்னக் கட்சியான பார்வர்டு பிளாக்கின் ஊர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கட்சியின் தலைவர் மூக்கையா தேவர் காலத்தை வைத்து வந்த பெயர் அது. 2011இல் அதே கட்சியின் கதிரவன் அதிமுக கூட்டணியில் நின்று ஜெயித்தார். 2021இல் திமுக கூட்டணியில் நின்று அதிமுகவிடம் தோற்றார். ஆள் அவரேதான், கட்சி அதேதான், கூட்டணி மட்டும் வேறு. 2011இல் விழுந்த ஓட்டில் எது சிங்கத்துக்கு, எது கூட்டணிக்கு என்று மொத்த எண் பிரித்துச் சொல்லாது.

ஓரளவுக்குப் பிரித்துக் காட்டுவது உள்ளாட்சித் தேர்தல். 2019 டிசம்பரில் மதுரை மாவட்டக் கிராமங்களில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நான்கு சீட்டில் முத்திரை குத்தினார். ஊராட்சித் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கான பச்சைச் சீட்டில் உண்டு. பங்காளி, மாமன் மச்சான் கணக்கு முதல் சீட்டில், இலையும் சூரியனும் இரண்டாவதில். ஒரே கை, இரண்டு அரசியல்.

ஆனால் எல்லைக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே பூத்தில் அந்தக் கட்சிக்கு 750 விழுந்திருந்தால்? மேலத்தெரு குறைந்தது 550, கீழத்தெரு குறைந்தது 150 என்று ஆகிவிடும். பூத்தில் ஒரே தெருதான், அந்தக் கட்சிக்கு விழுந்தது ஐந்தே ஓட்டு என்றால் ஊகத்துக்கே வேலையில்லை. அங்கே ரகசிய வாக்கு பேருக்குத்தான். ‘ஓட்டே போடலயே, ரோடு மட்டும் எதுக்கு’ என்ற பேச்சு கிளம்புவது இப்படிப்பட்ட பூத்களை வைத்துத்தான்.

காகிதச் சீட்டுக் காலத்தில் பல பூத்களின் சீட்டுகளைக் கலந்து எண்ண, தேர்தல் நடத்துவதற்கான விதிகளில் 59ஏ இடம் கொடுத்தது. இயந்திரம் வந்ததும் அந்த மறைப்பு போயிற்று. 14 இயந்திரங்களை இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும் ‘டோட்டலைசர்’ என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்வைத்தது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. கட்சிகளுக்கு பூத் வாரிக் கணக்கு வேண்டும். எங்கே பலவீனம் என்று பார்க்க அதுதான் வசதி. என்னைப் போல எண்களை நோண்டுகிறவர்களுக்கும் அது வேண்டும்தான். ஆனாலும் கலந்து எண்ணுவதே சரி என்று எனக்குப் படுகிறது. எங்கள் அலசல் போனால் போகட்டும், ஒற்றைத் தெரு பூத்தில் ஓட்டுப் போடுகிறவருக்கு அந்த மறைப்பு தேவை.